குடையரின் கதிரையில் இருந்தவர்

வன்னியில் யானைக்குப் பயப்படாதவர்கள் இருந்தார்கள். கரடிக்குப் பயப்படாதவர்கள் இருந்தார்கள். மலேரியாவையே பொருட்படுத்தாமல் காடு வெட்டிக் குடியேறியவர்களும் இருந்தார்கள். ஆனால் குடையருக்குப் பயப்படாத ஒரு மனிதப் பிறவி கிளிநொச்சியில் இருக்கவில்லை என்று எந்தக் கோயில் வாசலிலும் நான் சத்தியம் பண்ணுவேன். அவர் சண்டியர் அல்ல. எங்கள் கந்தோர்ப் பியோன். ஐந்தடிக்குச் சற்று மேலே உயரம், இருமல் அளவுக்கே கேட்கும் குரல். யாரையும் ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. அவர் செய்ததெல்லாம் இரண்டே காரியம்தான். யாராவது அசையாமல் இருந்தால் முன்னால் போய் நின்று முகத்தைப் பார்ப்பார். மற்றது, தன்னுடைய கதிரையில் ஒருக்கால் இருந்து பார்க்கும்படி கேட்பார். இந்த இரண்டுக்கும் பயந்து ஊர் நடுங்கியது.

அவருடைய சொந்தப் பெயர் கந்தோர் இடாப்பில் இருந்தது. இடாப்புக்கு வெளியே அதை ஒருவரும் பாவித்ததில்லை. வெயிலென்றாலும் மழையென்றாலும் பிரம்புப் பிடி போட்ட கறுப்புக் குடை ஒன்று அவர் கையில் இருக்கும். அதனால் குடையர்.

நான் அந்தக் கந்தோருக்கு வேலைக்குப் போனது ஐம்பதுகளின் கடைசியில். குளங்களையும் வாய்க்கால்களையும் பார்க்கிற அரசாங்கக் கந்தோர். யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தகரப் பெட்டி, ஒரு தலையணை, ஒரு பேணி எள்ளுப்பாகு ஆகியவற்றோடு வந்து இறங்கினேன். மூன்றாம் நாள் மத்தியானம், சோறு உண்ட களையில், ஒரு ஃபைலை விரித்து வைத்துக்கொண்டு, கண்ணைத் திறந்தபடியே நித்திரை கொள்ளும் வித்தையைப் பழகிக்கொண்டிருந்தேன். அரசாங்க உத்தியோகத்தில் முதலில் பழக வேண்டியது அதுதான் என்று சமறியில் சொல்லித் தந்திருந்தார்கள். சமறி என்றால், கலியாணம் கட்டாத கிளாக்கர்மார் கூடி வாடகைக்கு எடுத்து, கூடிச் சமைத்து, கூடிச் சண்டை பிடிக்கிற வீடு. வித்தை பாதி கைவந்த நேரம், மூக்குக்கு நேரே நாலு விரற்கடைத் தூரத்தில் ஒரு முகம் தெரிந்தது. இமைக்காமல் பார்த்தது. வெற்றிலை மணத்தது.

"இருக்கிறியளோ?" என்று கேட்டது.

"இ... இருக்கிறன்."

"சரி. இருங்கோ."

முகம் போய்விட்டது. நித்திரையும் போய்விட்டது. அடுத்த மேசைக்காரர் எழுதுவதை நிறுத்தாமலே சொன்னார்: "குடையர். ஒரு நாளைக்கு ரெண்டு தரம் வருவார். இருக்கிறன் எண்டு வாயாலை சொல்லாட்டிப் போகமாட்டார்."

எங்கள் பெரிய கிளாக்கர் நல்ல பாரமான மனிதர். சாப்பிட்ட பிறகு கதிரையில் சாய்ந்தால், மூன்று மணிவரை அவரை அசைக்க எந்த இயந்திரமும் இல்லை. அவரிடம் குடையர் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தரம் போவார். குடையரை வேறு கந்தோருக்கு மாற்றும்படி பெரிய கிளாக்கர் மூன்று விண்ணப்பம் எழுதினார். மூன்றையும் இஞ்சினியர் ஐயா திருப்பி அனுப்பிவிட்டார். குடையர் வந்த பிறகு கந்தோரில் மத்தியான நித்திரை ஒழிந்து வேலை நடக்கிறதாம்.

கலியாண வீடுகளில் தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளை கொஞ்சம் கல்லாய்ச் சமைந்து இருப்பார் இல்லையா? குடையர் எழும்பிப் போய் அவருக்கு முன்னால் குந்தி, "இருக்கிறியளோ தம்பி?" என்று கேட்பார். கண் மூடித் தியானத்தில் இருந்த ஐயரிடமும் கேட்டிருக்கிறார். ஐயர் பூணூலைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக விழுந்தாராம்.

பெரிய கிளாக்கர் வீட்டில் குடும்பப் படம் எடுத்த கதை இன்னும் மோசம். கறுப்புத் துணிக்குள் தலையைவிட்டுப் படம் எடுக்கிறவர் வவுனியாவிலிருந்து வந்திருந்தார். "மூச்சு விடாதையுங்கோ," என்று அவர் சொல்ல, மாமரத்தின் கீழே எட்டுப் பேரும் மூச்சை அடக்கினார்கள். அந்த நேரம் பார்த்து வேலிக்கு அங்காலே குடையர் போயிருக்கிறார். எட்டுப் பேர் வரிசையாக அசையாமல் இருப்பதைக் கண்டவர் வேலி பாய்ந்தே வந்துவிட்டார். அந்தப் படத்தை நான் பார்த்திருக்கிறேன். எட்டுப் பேரும் திடுக்கிட்டு அசைந்ததில் புகைப்படலமாக விழுந்திருக்கிறார்கள். நடுவில் குடையரின் முதுகு மாத்திரம் துலக்கமாக இருக்கிறது. உயிரோடு இருப்பது அவர் ஒருவர்தான், மற்றதெல்லாம் ஆவி என்று தோன்றும். அதைச் சட்டம் போட்டுக் கொழுவப் பெரிய கிளாக்கரின் மனைவி சம்மதிக்கவில்லை.

இனிக் கதிரைக்கு வருகிறேன்.

அது ஒரு மடக்குக் கதிரை. கத்தரிக்கோல் மாதிரிக் குறுக்கும் மறுக்குமாகக் கால்கள். இருக்க ஒரு துண்டுக் கித்தான், முதுகுக்கு ஒரு துண்டுக் கித்தான், கை வைக்க இரண்டு பக்கமும் மரச் சட்டம். சினிமாப் பத்திரிகைகளில் டைரக்டர்மார் கறுப்புக் கண்ணாடியோடு கால்மேல் கால் போட்டு இருப்பார்களே, அதே கதிரைதான். முதுகுக் கித்தானில் வெள்ளை எழுத்தில் ஏதோ ஒரு பெயர் இருந்து, வெயிலில் அழிந்து, அரை எழுத்து மிஞ்சியிருந்தது.

மடக்குக் கதிரை என்று பெயர்தானே தவிர, குடையர் அதை மடக்கி நான் கண்டதில்லை. விரித்தபடியே தலையில் தூக்கிக்கொண்டு வருவார். கதிரைக்கு மேலே குடை. ஒரு கையால் கதிரை, மறு கையால் குடை. வெறுங் கதிரைதான், ஆனாலும் கந்தோர் வாசற் படலைக்கு வரும்போது நெல்மூட்டை தூக்கியவர் மாதிரி மூச்சு வாங்கும். முற்றத்து வேம்பின் கீழே இறக்கி வைப்பார். நிழல் நகர்ந்தால் கதிரையையும் நகர்த்துவார். நகர்த்த முன்னர், "கொஞ்சம் ஆடும் ஐயா," என்று சொல்லிக்கொள்வார். மாரி மழையில், தான் தொப்பலாக நனைந்துகொண்டு கதிரைக்குக் குடை பிடித்து நின்றதை நாங்கள் யன்னலால் பார்த்துச் சிரித்திருக்கிறோம். ஒருவர் சிரிப்பதை நிறுத்தினால் மற்றவர்களும் நிறுத்திவிடுவோம். காரணம், அந்தக் கித்தான்.

ஒருவரும் இருக்காத கித்தான் இறுகி நிற்க வேண்டும். இது குழிந்திருந்தது. ஒரு பாரமான மனிதர் சாய்ந்து இருந்தால் எவ்வளவு குழியுமோ அவ்வளவு. பழைய துணி, தொய்ந்துவிட்டது என்று நாங்களும் நினைத்தோம். குடையர் இரண்டு தரம் தையற்கடையில் புதுக் கித்தான் போட்டார். இரண்டு தரமும் அடுத்த நாளே குழிந்துவிட்டது. கந்தோர் முற்றத்தில் குந்தாத இடமில்லாத காகங்கள் அந்தச் சட்டத்தில் மாத்திரம் இருந்ததில்லை. பெரிய கிளாக்கரின் நாய் வந்து கதிரைக்கு முன்னால் படுத்து, தலையைக் கொஞ்சம் தூக்கி, யாரோ தடவுவதற்குக் காத்திருக்கிற மாதிரிக் கண்ணை மூடும். அதற்குப் பிறகு அந்த நாய்க்கு நாங்கள் ஒருவரும் சோறு வைப்பதில்லை.

விஷயம் தெரியாத ஒரு கொந்தராத்துக்காரர் ஒரு நாள் வந்தார். இஞ்சினியர் ஐயாவுக்காகக் காத்திருந்தவர், முற்றத்தில் நல்ல கதிரை ஒன்று சும்மா கிடக்கிறதே என்று போய் இருந்துவிட்டார். அடுத்த கணம் சூடு பட்டவர் மாதிரி எழும்பினார்.

"என்ன உது? ஆற்றையோ மடியிலை இருந்த மாதிரிக் கிடக்கு," என்றார். முகம் வெளிறிவிட்டது.

குடையர் ஓடோடி வந்தார். "ஒண்டுமில்லை, கொஞ்சம் பொறுங்கோ. அவர் தள்ளி இருப்பார். நீங்கள் இருங்கோ, இருங்கோ."

கொந்தராத்துக்காரர் பிறகு கந்தோருக்கு வரவேயில்லை. அவர் கட்ட வேண்டிய மதகை வேறொருவர் கட்டினார்.

கதிரையில் யார் என்று நான் கேட்டறிந்தது ஒரு கார்த்திகை மாதத்தில். மற்றவர்கள் எல்லாரும் குளக்கட்டுப் பார்க்கப் போய்விட்டார்கள். கந்தோரில் நானும் அவரும்தான். அவர் வாசற்படியில் குந்தி இருந்து சொன்னார். கதை சொல்லும்போதும் கண் கதிரையிலேயே இருந்தது.

குடையரின் சொந்த ஊர் புதுக்குடியிருப்பு. இரண்டாம் உலகச் சண்டை முடிந்து நாலைந்து வருடத்தில் அந்தப் பக்கத்துக் காட்டுக்குள் ஒரு பழங்குளத்தில் படம் பிடிக்க வெள்ளைக்காரச் சினிமாக் கம்பனி ஒன்று வந்தது. பத்து யானை, நூறு ஆட்கள், கமராக்கள். டைரக்டர் துரை வயதானவர். அவருக்குக் குடை பிடிக்க இவரை எடுத்தார்கள். கங்காணி கட்டளை போட்டான்: பின்னால் நிற்க வேண்டும், முன்னால் வரக்கூடாது, துரையின் முகத்தை ஏறிட்டுப் பார்க்கக்கூடாது. துரை கையைத் தூக்கினால் மாத்திரமே மற்றவர்கள் அசையலாம், பேசலாம். அதுவரை யானை உட்பட எல்லாரும் நின்ற இடத்தில் நிற்க வேண்டும்.

"ஒருநாள் உச்சி நேரம் தம்பி. எல்லாரும் றெடி. அவர் கை தூக்கேல்லை. நாங்கள் நிக்கிறம். யானையள் நிக்குது. நடிக்கிற பொம்பிளையின்ரை பவுடர் உருகி வழியுது, அவா துடைக்கேல்லை. நான் குடையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன். அப்ப ஐயா விரலாலை சட்டத்திலை ரெண்டு தட்டுத் தட்டினவர். டொக், டொக். நான் கேட்டனான். யோசிக்கிறார் எண்டு நினைச்சன்."

அவர் எழும்பிப் போய், கதிரையை நிழலுக்குள் நகர்த்தி வைத்துவிட்டு வந்து குந்தினார்.

"பேந்து அரை மணித்தியாலம் போச்சு. ஒரு தும்பி வந்து அவற்றை கண்ணாடியிலை இருந்தது. அவர் அதைத் தட்டேல்லை. அப்பதான் ஒரு வெள்ளைக்காரன் கிட்டப் போனவன்."

அரை மணித்தியாலம் ஒரு பிரேதம் நூறு பேரையும் பத்து யானையையும் அசையவிடாமல் வைத்திருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. குடையருக்குச் சிரிப்பு வரவில்லை.

"பிரேதத்துக்குக் குடை பிடிச்சதெண்டு நான் கவலைப்படேல்லைத் தம்பி. தட்டேக்கை அவர் இருந்தவர். என்னைத்தான் கூப்பிட்டவர். பக்கத்திலை நிண்டது நான் ஒராள்தானே? ஒரு எட்டு முன்னாலை வைச்சு முகத்தைப் பாத்திருந்தால் தண்ணியெண்டாலும் குடுத்திருப்பன். மரியாதை எண்டு நிண்டிட்டன்."

"அவரைக் கொழும்புக்குக் கொண்டு போட்டினம்தானே, அண்ணை?"

"உடம்பைக் கொண்டு போச்சினம். ஆளை இஞ்சை விட்டிட்டுப் போட்டினம். கதிரையை ஒருத்தரும் தொடேல்லை. நான் தூக்கிக்கொண்டு வந்தனான். அண்டைக்கும் அவ்வளவு பாரம்."

எழும்பத் துரைக்குத் தெரியவில்லை என்பது குடையரின் கணக்கு. வேறொருவர் அதே கதிரையில், அதே உச்சி நேரத்தில், அரை மணித்தியாலம் அவரோடு கூட இருந்து, பிறகு தன் காலில் எழும்பிக் காட்ட வேண்டும். அதைப் பார்த்து அவரும் எழும்புவார். அதற்குத்தான் குடையர் ஊரெல்லாம் கேட்டுத் திரிந்தார். தானே இருக்கலாம்தான். ஆனால் குடை பிடிக்க ஆள் வேண்டும், முகம் பார்க்கவும் ஆள் வேண்டும்.

அவசரமும் இருந்தது. சித்திரையோடு அவருக்குப் பென்சன். மனைவி செத்துப்போனவர். மல்லாவியில் ஒரே மகள். அவள் கடிதம் எழுதியிருந்தாள், நான்தான் வாசித்துக் காட்டினேன். 'அப்பு, நீங்கள் வாங்கோ. அறை ஒழுங்குபண்ணி வைச்சிருக்கிறன். அவர் மட்டும் வேண்டாம். வீட்டிலை சின்னப்பிள்ளை இருக்கு.' குடையர் கடிதத்தை மடித்து மடிக்குள் வைத்தார். "இவரை விட்டிட்டு நான் போகேலாது. இவரோட அவள் என்னை எடுக்கமாட்டாள்," என்றார். பேரப்பிள்ளையை அவர் அதுவரை கண்டதில்லை.

அந்த மாதங்களில் அவர் கேட்காத ஆளில்லை. இஞ்சினியர் ஐயா, "எனக்கு மூண்டு பொம்பிளைப் பிள்ளையள்," என்று மட்டும் சொன்னார். சலூன்காரர், தான் பிறந்தது முதல் நின்று வேலை செய்கிற ஆள் என்றார். பொலிஸ் சார்ஜன் ஒருவர் சம்மதித்து, அடுத்த நாளே பளைக்கு மாற்றம் கேட்டுப் போய்விட்டார்.

கடைசியில் குடையர் ஒரு யுக்தி செய்தார். தெரிந்தவர்கள்தானே பயப்படுகிறார்கள், தெரியாதவன் ஒருவன் களைத்து வந்து இருக்கட்டும் என்று, முல்லைத்தீவு றோட்டிலிருந்து காட்டுக்குள் இறங்குகிற ஒரு வண்டிப் பாதையில், ஒரு பாலைமரத்தின் கீழே கதிரையை விரித்தபடி வைத்துவிட்டு வந்தார். மூன்று நாள் கழித்து என்னையும் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனார்.

அவர் மறந்துபோன ஒரு விஷயம் இருந்தது. வன்னியில் தேனுக்கும் மரத்துக்கும் காட்டில் இறங்குகிறவர்கள், முதலில் ஒரு பச்சைக் குழையை முறித்து மரத்தடியில் வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பார்கள். காவல் தெய்வத்துக்கு மரியாதை. அப்படி வந்த ஒருவனின் கண்ணில், நடுக்காட்டில், ஆளில்லாமல் குழிந்த ஒரு கதிரை பட்டால் அவன் என்ன நினைப்பான்? காட்டில் தனியே இருக்கத் துணிகிறவர் ஐயனார் ஒருவர்தான்.

நாங்கள் போனபோது கதிரை தெரியவில்லை. குழைக் குவியல்தான் தெரிந்தது. கற்பூரம் எரிந்த கல், பொங்கிய பானை, கட்டித் தொங்கவிட்ட மணி. பக்கத்து வயற்காரர் ஒருவர் பொறுப்பாக நின்றார்.

"கதிரையிலை கைவைக்காதையுங்கோ," என்றார். "ஐயனார் எழுந்தருளியிருக்கிறார். மூண்டு நாளா ஒரு யானை வயலுக்கை இறங்கேல்லை."

"அவர் ஐயனார் இல்லை, மோனை. வெள்ளைக்காரத் துரை," என்றார் குடையர்.

"துரையெண்டால் என்ன? காவலுக்கு இருக்கிறார்தானே. பத்து யானையை நிப்பாட்டி வைச்சிருக்கிறார்."

யானைக் கணக்கு அந்த மனிதருக்கு எப்படித் தெரிந்தது என்று நானும் கேட்கவில்லை, குடையரும் கேட்கவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம், அவ்வளவுதான். பின்னேரம் வரை மன்றாடி, கதிரை இருந்த இடத்தில் ஒரு சூலம் நாட்டித் தருவதாக ஒப்புக்கொண்ட பிறகுதான் விட்டார்கள். குடையர் கதிரையைத் தலையில் தூக்கி, "வாங்கோ ஐயா," என்றார். அந்த இடத்தில் இப்போது ஒரு கோயில் இருக்கிறதாம்.

பென்சன் நாள் வந்தது. கந்தோரில் மாலை போட்டுத் தேத்தண்ணி கொடுத்தார்கள். நன்றி சொல்லச் சொன்னபோது குடையர் எழும்பி நின்று, "எனக்கு ஒண்டும் வேண்டாம். நாளைக்கு உச்சி நேரத்திலை ஆரேனும் ஒராள் ஒருக்கா இருந்தால் காணும்," என்றார். எல்லாரும் தங்கள் தங்கள் கோப்பைக்குள் பார்த்தார்கள். குடையரின் வலது தோள் இறங்கிப்போய் இருந்தது. பத்து வருடமாகக் குடை தூக்கிய தோள். அதைப் பார்த்த கண்ணை நான் எடுக்கவில்லை. "நான் இருக்கிறன், அண்ணை," என்று யாரோ சொன்னது கேட்டது. திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றிரவு சமறியில் எனக்கு இரண்டு முட்டை பொரித்தார்கள். ஒருவன் என் தோளில் கை போட்டு, "மச்சான், வேறை ஒண்டுமில்லை. உன்ரை சைக்கிளை ஆர் பாவிக்கிறது எண்டு ஒரு வார்த்தை சொல்லிப்போட்டுப் போ," என்றான். சிரிப்பதற்காகச் சொன்னான் என்று நம்பினேன். காலமை பார்த்தால் சைக்கிளுக்கு எண்ணெய் போட்டு வைத்திருந்தான்.

கிளிநொச்சிக் குளக்கட்டு. பன்னிரண்டு மணி. உச்சி நேரத்தில் அங்கே நடமாடக் கூடாது என்று பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். தண்ணீர் தகரம் மாதிரி அசையாமல் கிடந்தது. கட்டின் அந்தப் பகுதியில் ஒரு மரமும் இல்லை. குடையர் கதிரையை வைத்து, துடைத்து, குடையை விரித்துக்கொண்டு பின்னால் போய் நின்றார்.

"உடம்புக்கு ஏதும் செய்தால் சட்டத்திலை ரெண்டு தட்டுத் தட்டுங்கோ, தம்பி. நான் வந்திடுவன்."

இருந்தேன். கொந்தராத்துக்காரர் சொன்னது சரி. முதலில் ஒரு மடி. பிறகு, பஸ்ஸில் நல்ல மனிதர் ஒருவர் நமக்காக ஒதுங்குகிற மாதிரி, யாரோ கொஞ்சம் தள்ளி இருந்தார். கித்தான் வலது பக்கமாக இறங்கியது. எழும்பி ஓடலாம் என்று நினைத்தேன், ஓடவில்லை. கைகள் இரண்டையும் முழங்காலுக்கு நடுவில் வைத்து நெருக்கிக்கொண்டேன்.

சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. முதலில் காகம், பிறகு றோட்டு, பிறகு என் காதுக்குள் கேட்கிற இரைச்சல். அக்கரையில் ஏழெட்டு மாடுகள் தண்ணீருக்கு இறங்கி வந்தவை, இறங்கிய காலோடு நின்றுவிட்டன. வெளுக்கிற பெண் ஒருத்தி சீலையை ஓங்கிய கையோடு நின்றாள். எல்லாரும் இந்தப் பக்கமே பார்த்தார்கள். நாங்கள் கையைத் தூக்க வேண்டும் என்று காத்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரிந்தது. 'நாங்கள்' என்று நினைத்ததை நினைக்க இன்றைக்கும் எனக்கு மயிர் கூச்செறிகிறது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. குடை நிழல் என் மடியிலிருந்து முழங்காலுக்குப் போயிருந்தது.

அப்போது டொக், டொக் என்று கேட்டது.

குடையர் ஒரே எட்டில் முன்னால் வந்து என் காலடியில் குந்தினார். "என்ன தம்பி?"

"நான் தட்டேல்லை," என்றேன். என் கைகள் இரண்டும் முழங்காலுக்கு நடுவில்தான் இருந்தன. அது மரங்கொத்தி என்று பிறகு எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். மரமில்லாத இடத்தில் மரங்கொத்திக்கு என்ன வேலை என்றும் கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

குடையர் என்னைப் பார்க்கவில்லை. எனக்கு வலது பக்கத்தில், என் முகத்துக்குச் சற்று மேலே, ஏறிட்டுப் பார்த்தார். பத்து வருடமாகப் பார்க்க நினைத்த இடம். அவருடைய கண் நிறைந்துவிட்டது.

"வந்திட்டன் ஐயா," என்றார். "முந்தி வரேல்லை. இப்ப வந்திட்டன்."

மடியிலிருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்து, மூடியைத் திறந்து, தண்ணீரை என் வலது பக்கத்தில் நிலத்தில் மெல்ல வார்த்தார். மண் உறிஞ்சும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், "இப்ப எழும்புங்கோ தம்பி. ஆறுதலா, அவர் பாக்கக் கூடியதா எழும்புங்கோ," என்றார்.

என் வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக நான் எழும்பியதில்லை. எழும்பும்போது கதிரை ஒரு தரம் முனகியது. நான் இரண்டு அடி தள்ளி நின்ற பிறகு இன்னொரு தரம் முனகியது. கித்தான் இறுகி, பலகை மாதிரி மட்டமாக நின்றது. அக்கரையில் சீலை கல்லில் விழுந்த சத்தம் கேட்டது. மாடுகள் தண்ணீர் குடித்தன.

குடையர் கதிரையைத் திரும்பிப் பார்க்கவில்லை. குடையைத் தன் பக்கத்தில், கொஞ்சம் உயரத்தில், வெறும் வெளிக்கு மேலே பிடித்துக்கொண்டு, வயதான ஒருவரோடு நடக்கிற நடையில் கட்டால் இறங்கினார். நான் பின்னால் போனேன். றோட்டில் கொழும்பு பஸ் வந்து நின்றது.

"ஏறுங்கோ, குடையரண்ணை," என்றார் கொண்டக்டர்.

"நான் இல்லைத் தம்பி. இவர்."

கொண்டக்டர் குடைக்குக் கீழே பார்த்தார். குடையரின் முகத்தைப் பார்த்தார். கண்டி றோட்டில் ஓடுகிற கொண்டக்டர்மார் பலதும் கண்டவர்கள். "எங்கை இறங்கிறார்?" என்று கேட்டார்.

"கொழும்பிலை. அங்காலை அவருக்குப் பாதை தெரியும்."

கொண்டக்டர் முன் சீற்றில் பரந்திருந்த ஒருவரிடம், "அண்ணை, கொஞ்சம் தள்ளி இருங்கோ. ஒராள் வாறார்," என்றார். அவர் முணுமுணுத்துக்கொண்டு தள்ளினார். குடையர் குடையை மடக்கி, யன்னலால் உள்ளே நீட்டி, சீற்றில் சாத்தி வைத்தார். பஸ் போய் வளைவில் மறையும் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"குடையையும் குடுத்திட்டியளே, அண்ணை?"

"கொழும்பிலை மழையாம் தம்பி. அவர் நனைஞ்சு போவார்."

திரும்பிக் குளக்கட்டுக்கு ஏறினோம். கதிரையை மடக்கச் சொன்னார். அவருக்கு மடக்கத் தெரியாது, ஒருநாளும் மடக்கியதில்லை. துருப்பிடித்த ஆணிகள் கத்தின. மடக்கி எடுத்தால் ஒரு பிள்ளை தூக்கக்கூடிய பாரம். இருவரும் கந்தோர்ப் பக்கமாக நடந்தோம். மல்லாவிக்குப் பின்னேர பஸ்ஸில் போகலாம், மகளுக்குத் தந்தி தேவையில்லை, நேரே போய் வாசலில் நிற்பேன் என்று சொல்லிக்கொண்டே வந்தார். பேரனின் பெயரை என்னிடம் இரண்டு தரம் சொன்னார். மொட்டை வெயில் அவருடைய நரைத்த தலையில் நேரே இறங்கியது. அந்தத் தலையில் வெயில் பட்டு நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

மடக்கிய கதிரையை நான் அவர் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன். அகலம் காணாது, நெற்றிக்கு மட்டும்தான் நிழல் விழுந்தது.

"என்ன தம்பி உது, ஆக்கள் பாத்தால் சிரிப்பினம்," என்றார்.

"சிரிக்கட்டும், நீங்கள் நடவுங்கோ அண்ணை," என்றேன்.

கந்தோர்ப் படலை வரை கை கடுக்கக் கடுக்கப் பிடித்துக்கொண்டு போனேன். குடையர் போகப் போகிறாரே என்று எனக்கு அழுகை வந்தது.